பெட்டிக்குள் பத்தா, பன்னிரண்டா? வியாபார மென்பொருள் வடிவமைப்பில் நான் கற்ற பாடம்

கடைக்கு ஒரு கணனி வைத்து, பில் முதல் ஸ்டொக் வரை எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் எமது வர்த்தகர்களில் அநேகமானோருக்கு இருக்கின்றது. நல்ல விடயம். ஆனால் மென்பொருள் செய்பவரிடம் போனதும் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. எவ்வளவு முடியும்? எப்போது கையில் தருவீர்கள்? கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கின்றது. "என்னுடைய வியாபாரத்தை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?" இத்தனை வருடத் தொழிலில் அதை என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். அதை நானே என்னிடம் கேட்டுக்கொள்ளாத ஒரு காலமும் இருந்தது. அதன் விலையை நான் கொடுக்கவில்லை. ஒரு அப்பாவி மனிதர் கொடுத்தார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. வீடு கட்டும்போது கல் வைக்கும் பாஸ் வேறு, பிளான் கீறுபவர் வேறு. மென்பொருளிலும் அப்படித்தான். அதை எழுதி இயங்க வைப்பவர் ஒருவர். எந்தத் திரையில், யாரிடம், எந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும், என்ன காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பவர் இன்னொருவர். நான் இந்த இரண்டாமவன். நிறமும் படமும் போடுவதுதான் வடிவமைப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கடைச் சிஸ்டத்தில் நிறம் கடைசி வேலை.

120 பூட்டுகள்

2022ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் மொத்த வியாபாரிக்கு ஸ்டொக் சிஸ்டம் ஒன்று வடிவமைத்துக் கொடுத்தேன். ஹாஜியார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "தம்பி, எங்கட பொடியன்மார் படிச்சவங்க இல்ல. லேசா இருக்கோணும். கன கேள்வி கேக்கப்படாது." நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் மேல்மாடி ஒபீஸ் அறையில் இருந்து பிளேன் டீ குடித்துக்கொண்டு, ஹாஜியாரிடமும் கணக்குப் பார்க்கும் அவரது மகனிடமும் விசாரித்தேன். அவர்கள் தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார்கள். கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோருக்கு நான் இறங்கிப் போகவில்லை.

சரக்கு வந்து இறங்கும்போது பதிவு செய்யும் திரையை நான் மிகவும் பெருமையோடு செய்தேன். சாமானின் பெயரைத் தெரிவு செய்ய வேண்டும். எத்தனை பெட்டி என்று அடிக்க வேண்டும். ஒரு பட்டன். மூன்று விநாடியில் வேலை முடிந்தது. ஒரு பெட்டிக்குள் எத்தனை என்பதை நான் கேட்கவில்லை. அதைச் சாமான் பட்டியலிலேயே ஒரு தடவை எழுதிப் பூட்டிவிட்டேன். வேலையாட்கள் கை வைத்துக் குழப்பக் கூடாது என்பதற்காக, ஹாஜியாரின் இரகசிய எண் இருந்தால் மட்டுமே அதை மாற்றலாம் என்றும் செய்தேன். பூட்டுகள் பெட்டிக்கு 12. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அன்றைக்கு அது உண்மையும் கூட.

நான்கு மாதம் கழித்து, 2023 மார்ச் மாதம். ஷஃபான் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஸகாத் கணக்குக்காக நோன்புக்கு முன்னர் ஸ்டொக் எண்ணுவது அந்தக் கடையில் வாப்பா காலத்து வழக்கம். எண்ணினார்கள். எல்லாம் ஏறக்குறைய சரி. ஒரு வகைப் பூட்டு மட்டும் 220 இருக்க வேண்டிய இடத்தில் 100தான் இருந்தது. 120 குறைவு.

பூட்டு சிறிய சாமான். சட்டைப் பையிலும் போகும். ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தவர் 22 வருடமாக அங்கே வேலை செய்தவர். அவரை யாரும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. "நானா, சாவிய மகன்ட கைல குடுங்க" என்று மட்டும் சொன்னார்கள். அவருக்கு விளங்கிவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் ஒரு சீ.ஆர். கொப்பியோடு கடைக்கு வந்தார். கணனியில் பிழை இருக்குமோ என்று பார்க்க என்னையும் அன்று வரச் சொல்லியிருந்தார்கள். அவர் என்னுடன் ஒன்றும் கதைக்காமல் கொப்பியை மேசையில் வைத்தார். லொறி வந்த திகதி, பெட்டிக் கணக்கு, பெட்டிக்குள் எத்தனை, உடைவு, யார் இறக்கியது என்று ஒவ்வொரு லோடுக்கும் ஒரு வரி. டிசம்பருக்குப் பிறகு வந்த பூட்டுப் பெட்டிகள் மொத்தம் 60. ஒவ்வொரு வரியிலும் "பெட்டிக்கு 10" என்று எழுதியிருந்தது.

சாமான் அனுப்புபவர் பெட்டியின் விலையைக் கூட்டாமல் உள்ளே இருந்த எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார். என் சிஸ்டம் 60ஐ 12ஆல் பெருக்கி 720 என்று எழுதியது. உண்மையில் வந்தது 600. அந்த 120 பூட்டும் ஒரு நாளும் கடைக்குள் வரவே இல்லை.

"ஏன் நானா, இத கணனில போடல்ல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது. அவர் அமைதியாகச் சொன்னார். "நீங்க எங்க தம்பி அத கேட்டீங்க? அதுல பெட்டி எத்தன எண்டு மட்டும்தானே கேக்குது."

அன்று மஃரிபுக்குப் பிறகு ஹாஜியார் அவருடைய வீட்டுக்கே போய் மாப்புக் கேட்டார். நானும் போனேன். என் பங்குக்கு நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

இன்னொரு நட்டம் யாருடைய கண்ணிலும் படாமல் நடந்துகொண்டிருந்தது. பெட்டி 7,200 ரூபா. 12ஆல் பிரித்தால் ஒரு பூட்டின் கொள்விலை 600. கடை அதை 750க்கு விற்றது. 150 ரூபா இலாபம் என்று ரிப்போர்ட் காட்டியது. 10ஆல் பிரித்துப் பாருங்கள். கொள்விலை 720. கையில் நின்றது 30 ரூபா. 500 பூட்டு விற்று 75,000 சம்பாதித்தோம் என்று நினைத்திருந்த இடத்தில் உண்மையில் கிடைத்தது 15,000. கடை வாடகைக்கும் சம்பளத்துக்கும் அதில் என்ன போகும்?

சிக்கல் எங்கே போகிறது?

லெறி டெஸ்லர் என்று ஒரு அமெரிக்கக் கணனி விஞ்ஞானி இருந்தார். கணனியில் ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்திலும் பின்னர் அப்பிள் நிறுவனத்திலும் வேலை செய்து, 2020இல் காலமானார். அவர் சொன்ன ஒரு கருத்தை என் தொழிலில் உள்ளவர்கள் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலையிலும் குறைக்க முடியாத ஓரளவு சிக்கல் இருக்கின்றது. அதை இல்லாமல் செய்ய முடியாது. யார் சுமப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கலாம்.

என் பூட்டுக் கதையில் நடந்தது இதுதான். பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கை மாறும் என்பது அந்த வியாபாரத்தின் இயல்பு. நான் அந்தக் கேள்வியைத் திரையில் இருந்து எடுத்தேன். திரை லேசானது. ஆனால் சிக்கல் எங்கும் போகவில்லை. திரையை விட்டு இறங்கி ஒரு வயதான மனிதரின் தோளில் ஏறியது, அதுவும் அவருக்கே தெரியாமல்.

ஆகவே "லேசான சிஸ்டம்" என்று யாராவது விற்க வந்தால் சற்று நிதானியுங்கள். பாவிப்பவருக்கு லேசாக இருப்பது ஒன்று. செய்பவருக்கு லேசாக இருப்பது வேறொன்று. கேள்விகளைக் குறைப்பது சுலபம். எந்தக் கேள்வியைக் கணனி தானே கண்டுபிடித்துக்கொள்ளலாம், எதை மனிதனிடம் கட்டாயம் கேட்டே ஆக வேண்டும் என்று பிரிப்பதுதான் கடினம். அதை மேல்மாடியில் இருந்து பிரிக்க முடியாது.

இப்போது நான் ஒரு வேலையை ஏற்றால் முதல் வாரம் கணனியைத் திறப்பதே இல்லை. கடையில் ஒரு ஓரமாகக் கதிரை போட்டு இருக்கிறேன். ஷட்டர் திறப்பதில் இருந்து பூட்டும் வரை. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் பார்த்தால் போதாது. மாதக் கடைசி நாள், ஜும்ஆவுக்கு முந்திய அவசரம், பெருநாளுக்கு முந்திய வாரம், சித்திரைப் புத்தாண்டு சீசன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். "நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் யாரும் ஒழுங்கான வேலையைத்தான் சொல்வார்கள். பக்கத்தில் இருந்து பார்க்கும்போதுதான் மற்றது தெரியும். லொறி ஏற்றிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் போன் எடுத்து இன்னும் ஐந்து பெட்டி சேர்க்கச் சொல்வார். சாமான் இன்று போகும், பில் நாளைக்கு. ஒருவர் 50,000 ரூபாவை நீட்டி, எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் "கணக்குல போடுங்க" என்பார். ஒரே சாமான், மூன்று பேருக்கு மூன்று விலை. இவற்றில் எதுவும் மேல்மாடியில் எனக்குச் சொல்லப்படவில்லை. பொய் சொன்னதால் அல்ல. அவர்களுக்கு அது மூச்சு விடுவது போல, சொல்லத் தோன்றாது.

விசேடமாக நான் தேடுவது துண்டுகளை. கல்லாப்பெட்டிக்குள் இருக்கும் துண்டு, சுவரில் ஆணியில் குத்தியிருக்கும் துண்டு, காட்போட் மட்டையின் பின்புறம் பேனையால் போட்ட கணக்கு, ஸ்டோரில் இருக்கும் கொப்பி. ஏற்கனவே ஒரு சிஸ்டம் இருக்கும் கடையில் இவை இன்னும் முக்கியம். அந்தச் சிஸ்டத்தால் முடியாத வேலைகள் அத்தனையும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன. சில முதலாளிமார் என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு இவற்றை ஒதுக்கி வைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

கைக்குக் கை, கடனுக்கு எழுத்து

சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதும், அது கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதும் வாசகர்களுக்குத் தெரியும். தவணைக் கடன் என்றால் எழுத வேண்டும், எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சி வேண்டும். அதேநேரம், கைக்குக் கை மாறும் வியாபாரத்தை எழுதாமல் விட்டால் குற்றமில்லை என்றும் அங்கேயே சொல்லப்படுகிறது. இதற்கு விளக்கம் சொல்வது உலமாக்களின் வேலை, என்னுடையதல்ல. ஆனால் தொழில் ரீதியாக ஒன்றை நான் அதில் இருந்து எடுத்துக்கொண்டேன். காசு வியாபாரமும் கடன் வியாபாரமும் ஒரே பாரத்தைத் தாங்கக் கூடாது.

நான் பார்த்த பல சிஸ்டங்களில் ஒரு பல்ப் வாங்க வந்தவனுக்கும் பெயர், விலாசம், வாடிக்கையாளர் இலக்கம் எல்லாம் கேட்கப்படுகிறது. கெஷியர் என்ன செய்வார்? "காசு" என்று ஒரு பெயரை உண்டாக்கி அதிலேயே எல்லாவற்றையும் போடுவார். பழகிய கை கடன் பில்லிலும் அதையே செய்துவிடும். ஆகவே காசு விற்பனைக்கு நான் கேட்பது சாமானும் எண்ணிக்கையும் மாத்திரம். மௌஸ் தொடாமல் விசைப்பலகையிலேயே முடிய வேண்டும். ஒரு நாளைக்கு 200 தடவை செய்யும் வேலையில் இரண்டு விநாடி என்பது பெரிய விடயம். கடன் என்று வந்தால் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கிறேன். யார், எந்தத் தவணை, பழைய பாக்கி எவ்வளவு, இந்தப் பில்லோடு சேர்த்து எவ்வளவு. அவ்வளவும் பில்லில் அச்சாகி, வாங்குபவர் வாசித்துக் கையொப்பம் வைக்கிறார். பிறகு "நான் அவ்வளவு எடுக்கவில்லையே" என்ற கதைக்கு இடமில்லை.

செக்கும் அப்படி ஒரு விடயம். மென்பொருள் எழுதும் இளைஞர்களில் பலர் வியாபாரக் குடும்பத்தில் இருந்து வந்தவர்கள் அல்ல. செக் கிடைத்தால் காசு கிடைத்தது என்றே எழுதிவிடுவார்கள். எமது சந்தையில் ஒரு செக்குக்கு எத்தனை நிலைகள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் இருக்கும், திகதி வந்திருக்காது. திகதி வந்து வங்கியில் போட்டிருப்போம், காசாகியிருக்காது. அல்லது நாம் வங்கியில் போடாமல் எமக்குச் சாமான் தந்தவருக்குக் கைமாற்றிக் கொடுத்திருப்போம். திரும்பியும் வரலாம்.

ஒரு வாடிக்கையாளருக்கு 500,000 ரூபா வரை கடன் என்று வைத்திருக்கிறீர்கள். 480,000 பாக்கி. 45 நாள் கழித்துத் திகதி போட்ட செக் ஒன்றை அதே தொகைக்குத் தருகிறார். சிஸ்டம் பாக்கி 0 என்று காட்டுகிறது. சேல்ஸ்மன் அதைப் பார்த்து இன்னும் 500,000க்குச் சாமான் ஏற்றுகிறார். உங்களுடைய 980,000 ரூபா வெளியே இருக்கிறது. திரையைப் பார்த்தால் எல்லாம் வரம்புக்குள். சேல்ஸ்மனைக் குறை சொல்ல முடியுமா?

நான் இதை மூன்று வரியாகக் காட்டுகிறேன். பில் பாக்கி, கையில் உள்ள திகதி வராத செக், வங்கியில் போட்டுக் காசாகாத செக். கடன் வரம்பு மூன்றின் கூட்டுத் தொகைக்கு. கைமாற்றிக் கொடுத்த செக்கும் காசாகும் வரை அந்தக் கூட்டில் இருந்து இறங்காது. அது திரும்பினால் இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். வாடிக்கையாளர் எமக்குத் தர வேண்டியது, நாம் சாமான் தந்தவருக்குக் கொடுக்க வேண்டியது. உங்களுக்கு மென்பொருள் விற்க வருபவரிடம் இந்த ஒரு சம்பவத்தை மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் வியாபாரம் தெரிந்தவரா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"நிச்சயமா?" என்ற கேள்வி

சிறிய கடைகளில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லோன் என்ற அழகுசாதனக் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. தொகை சுமார் 7.8 மில்லியன் டொலர். போனதோ சுமார் 894 மில்லியன். கடனின் முதலையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். மூன்று பேர் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள், மூன்று பேரும் சரி என்றே நினைத்தார்கள். முதல் தொகை வங்கிக்குள்ளேயே நிற்பதற்கு ஃபிளெக்ஸ்கியூப் என்ற அந்த மென்பொருளின் திரையில் மூன்று கட்டங்களை நிரப்பியிருக்க வேண்டும். அவர்கள் ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். கட்டங்களின் பெயரைப் பார்த்து மற்ற இரண்டும் வேண்டும் என்று ஊகிக்க வழியில்லை.

இதில் என்னை உலுக்கிய விடயம் வேறு. மென்பொருள் எச்சரிக்கவும் செய்தது. பணம் வங்கிக்கு வெளியே போகப் போகிறது, தொடரவா என்று கேட்டது. எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. வட்டி வெளியே போவது வழமைதானே, ஆம் என்று அழுத்தினார்கள். சுமார் 500 மில்லியன் டொலர் திரும்பி வரவில்லை. வழக்குப் போய், 2021 பெப்ரவரியில் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, 2022 செப்டம்பரில்தான் மேன்முறையீட்டில் அது மாறியது.

ஆகவே "நிச்சயமா?" என்று கேட்கும் பெட்டிகளை நான் கூடிய மட்டும் போடுவதில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்டால் விரல் தானாகவே "ஆம்" அழுத்தும். திருத்தக்கூடிய வேலை என்றால் கேட்காமலே செய்துவிட்டு, திருத்த வழி வைக்கிறேன். திருத்த முடியாத வேலை என்றால், என்ன நடக்கப் போகிறது என்பதை தொகையோடும் பெயரோடும் எழுதிக் காட்டுகிறேன். "இன்னாருக்கு விலைக்கழிவு 38,500 ரூபா, இந்தப் பில்லில் இலாபம் இல்லை" என்று இருந்தால் கண் ஒரு கணம் நிற்கும்.

திகதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எமது நாட்டில் வற் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்தில் இருந்து 8 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. 2020இல் எழுதப்பட்ட சில சிஸ்டங்களில் 8 என்ற எண் மென்பொருளுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆள் பிடித்து, காசு கொடுத்து மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் பழைய பில்களும் புதிய வீதத்தில் காட்டத் தொடங்கிய கடையையும் பார்த்தேன். ஓகஸ்டில் 12 வீதத்தில் விற்ற சாமான் ஒக்டோபரில் திரும்பி வந்தால், கழிக்க வேண்டியது 12 வீதமே தவிர 15 அல்ல. வரி வீதம், விலை, பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கை, இவை எல்லாவற்றுக்கும் "எந்தத் திகதியில் இருந்து" என்ற ஒரு கட்டம் கூடவே இருக்க வேண்டும்.

ஸகாத்துக்கும் இது தேவை. ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தை விட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் உங்கள் ஸகாத் திகதி ஒவ்வொரு வருடமும் முன்னோக்கி வருகிறது. கடந்து போன ஒரு திகதியில் கையில் இருந்த ஸ்டொக் எவ்வளவு என்று கேட்டால் சிஸ்டம் சொல்ல வேண்டும். கொள்விலையையும் அன்றைய விற்பனை விலையையும் வேறு வேறாகக் காட்ட வேண்டும். எதை எடுப்பது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "இன்றைய ஸ்டொக்" மட்டும் காட்டும் சிஸ்டங்கள் ஏராளம். வாங்கும் முன்னர் கேட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு விடயம் இது.

எல்லோருக்கும் பெரிய சிஸ்டம் தேவை என்று நான் சொல்லவில்லை. ஒருவரே நின்று நடத்தும் சில்லறைக் கடைக்கு எக்ஸெல் ஒன்றும் ஒழுங்கான கொப்பி ஒன்றும் போதும். அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. மொத்த வியாபாரம், கடன், செக், இரண்டு ஸ்டோர் என்று வந்த பிறகுதான் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது.

அப்படிச் செய்வதென்றால், மென்பொருள் செய்பவருக்கு உங்கள் கடையின் பெருமையைக் காட்ட வேண்டாம். கடந்த மாதத்தில் தலையிடி தந்த பத்துப் பில்களைக் கொடுங்கள். திரும்பிய சாமான், பாதி கொடுத்த காசு, தவறிய செக், விலை மாறிய லோடு. நான் முதலில் திரைகளைக் கடதாசியில்தான் கீறுகிறேன். அந்தப் பத்துப் பில்லையும் கெஷியர், ஸ்டோர் காரர், சேல்ஸ்மன் என்று நாலைந்து பேரிடம் கொடுத்து, கடதாசியில் விரல் வைத்து நிரப்பச் சொல்கிறேன். நான் வாய் திறப்பதில்லை. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே பிழை என்னுடையது. கடதாசியை அழித்துக் கீறப் பத்து ரூபா போகாது. மென்பொருள் எழுதிய பிறகு மாற்றினால் என்ன செலவு என்று அனுபவப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதிய சிஸ்டம் வந்த பிறகும் ஒரு மாதமாவது பழைய கொப்பியை நிறுத்த வேண்டாம். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் உடனே கணனியை நம்பிவிடவும் வேண்டாம்.

அந்த ஹாட்வெயார் கடைக்கு நான் திரையைத் திரும்பச் செய்து கொடுத்தேன், கூலி வாங்காமல். இப்போது எத்தனை பெட்டி என்பதோடு பெட்டிக்கு எத்தனை என்றும் கேட்கிறது. போன தடவை எவ்வளவு என்பது பக்கத்தில் தெரியும், ஆனால் தானாக நிரம்பாது. ஒரு பெட்டியைத் திறந்து எண்ணி அடிக்க வேண்டும். எண்ணிக்கை மாறியிருந்தால் தடுப்பதில்லை, இரகசிய எண் கேட்பதுமில்லை. பதிவு செய்துவிட்டு, ஒரு சாமானின் கொள்விலை இவ்வளவு கூடியிருக்கிறது என்று ஹாஜியாரின் போனுக்குச் செய்தி போகிறது. முன்னர் மூன்று விநாடியில் முடிந்த வேலைக்கு இப்போது பெட்டி திறக்கும் நேரத்தோடு ஒரு நிமிடம் போகிறது.

சாவி மீண்டும் நானாவின் கையில். சீ.ஆர். கொப்பியை அவர் இன்னும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போனால் மேல்மாடிக்கு ஏறும் முன்னர் ஸ்டோருக்குள் போய் அதைத்தான் முதலில் புரட்டுகிறேன். கடைசியாகப் போனபோது ஒரு வரி இருந்தது. "பைப் 40, ரெண்டு நுனி வெடிப்பு, வெட்டி அரைவாசி விலைக்கு விக்கலாம்." முழுப் பைப்பாக வந்து வெட்டுத் துண்டாகப் போகும் சாமானுக்கு என் திரையில் இன்னும் இடம் இல்லை.